பூட்டிய வீடுகளின் பட்டியல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் வசுமதி தன் வீட்டு டெலிபோனைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

உத்தரவு போட்டவள் மகள் மேதா. போன ஞாயிறு அப்பாவிடம் பேசிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத அதே மேதா.

பெங்களூரில் ஒரு கம்பெனி அவளை இரண்டு மாதக் கம்ப்யூட்டர் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தது. ஹாஸ்டல் உண்டு. விண்ணப்பப் பாரத்தில் தகப்பனார் கையெழுத்து வேண்டும். பாலசுப்ரமணியம் போட மறுத்துவிட்டார்.

"அந்தப் பெட்டி முன்னாடி உட்கார்ந்து நீ என்ன பண்றேன்னே எனக்குத் தெரியலை. தெரியாத காரியத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

இருபத்து மூன்று வருடம் அமைச்சகத்தில் கோப்பு பார்த்தவர். படிக்காத காகிதத்தில் ஒரு சுழி கூடப் போட்டதில்லை.

மூன்று நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் ஒரு நிபந்தனை சொன்னார். நாலு பேருக்கு உபயோகமாக மேதா ஏதாவது ஒன்று செய்து காட்ட வேண்டும். அதை அவர் இந்த வீட்டுப் பெட்டியில் பார்க்க மாட்டார்.

"வெளியில போய்ப் பார்ப்பேன். அங்க தெரிஞ்சா கையெழுத்து."

பாரம் திங்கட்கிழமை கூரியரில் போயாக வேண்டும்.

மேதா அம்மாவின் நோட்டைக் கேட்டாள்.

டெல்லி மயூர் விஹாரில் அவர்கள் அடுக்குமாடி சொசைட்டியில் முப்பதுக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். அங்கிருந்து ஊருக்குப் போகிறவர் தனக்காக மட்டும் போவதில்லை. ஒருவர் பெட்டியில் மூன்று பேர் சாமான் இருக்கும். போகும்போது ஸ்வெட்டர், மருந்து, ஜாதகம். வரும்போது காப்பிப்பொடி, அப்பளம், ஒரு தடவை கிரைண்டருக்குக் குழவிக்கல். யார் எப்போது போகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் வசுமதிக்குப் போன் செய்வார்கள். பதினோரு வருடமாக அப்படித்தான்.

நோட்டில் அவள் போட்டிருந்தது ஐந்து கட்டம். பெயர், வீட்டு நம்பர், போகும் தேதியும் ரயிலும், திரும்பும் தேதி, சாவி யாரிடம்.

அந்த ஐந்தாவது கட்டம் ஆறு வருடத்துக்கு முன் வந்தது. மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் குழாயை மூடாமல் தஞ்சாவூர் போய்விட்டார். கீழ் வீட்டுக் கட்டில் வரை தண்ணீர். சாவி யாரிடம் என்று தேடுவதற்குள் மெத்தை மிதந்தது. அன்று முதல் வசுமதி அதையும் கேட்டு எழுதிக்கொள்வாள்.

மேதா நாலு நாள் உட்கார்ந்து நோட்டை ஒரு இன்டர்நெட் பக்கமாக, ஆங்கிலத்தில், அப்படியே அடித்துவிட்டாள். ஒரு வரி விடவில்லை.

"ரெடி" என்றாள் இப்போது. "அம்மா, போன் கிட்ட வராதே. கதம் ஆயிடும் எல்லாம்."

மோடம் டயல் செய்தது. கரகரத்தது. கீச்சிட்டது. இருமல் வந்தவனைப் போல நின்று மறுபடி கரகரத்தது. பிறகு ஓய்ந்தது.

"என்ன ஆச்சு? செத்துப்போச்சா?"

"கனெக்ட் ஆயிடுத்து."

திரையில் ஒரு நீலக் கோடு மெதுவாக நீண்டது. வசுமதி கையில் கத்தரிக்காயோடு நின்றாள்.

"எங்கேடி போறது இது?"

"அமெரிக்கா."

"நம்ம டெலிபோன் கம்பி வழியாவா?"

"ஹான், அது வழியாத்தான்."

"அங்க யாரு வாங்கிக்கறா?"

"ஒரு கம்பெனி. யார் கேட்டாலும் இடம் குடுப்பாங்க. ஃப்ரீ."

"முன்னே பின்னே தெரியாதவாளுக்கா?"

"மேல அவங்க விளம்பரம் ஒண்ணு போட்டுப்பாங்க. அவ்வளவுதான்."

வசுமதிக்கு அது புரியவில்லை. இந்த ஊரில் வீடு கிடைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். கேட்டவுடன் இடம் தருகிற ஒருவன் பூமியின் மறுபக்கத்தில் இருக்கிறான் என்றால் அவனை மனசால் கும்பிட வேண்டும் போல இருந்தது.

கோடு முடிந்தது. மேதா எதையோ அடித்தாள். திரை வெள்ளையாக இருந்தது. பிறகு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் இறங்கியது. ஒரு விளம்பரம். ‘தெற்கே யார் போகிறார்கள்?’ என்று ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு. அதன் கீழே சின்ன ரயில் ஒன்று இடமிருந்து வலமாகப் போய் மறைந்து மறுபடி இடது பக்கம் வந்தது. அப்புறம் பட்டியல். கடைசியில் ஒரு சின்ன மீட்டர்: 1.

"அந்த ஒண்ணு யாரு?"

"நான்தான். பார்க்கறவங்களை எண்ணும்."

நோட்டு சாப்பாட்டு மேஜையில் திறந்து கிடந்தது. வசுமதி அதைத் திரும்பிப் பார்த்தாள். அது அங்கேயும் இருந்தது. இங்கேயும் இருந்தது. இவள் பார்க்காத ஓர் ஊரிலும் இருந்தது.

பாலசுப்ரமணியம் உள்ளேயிருந்து சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். திரைப் பக்கம் திரும்பவில்லை. நிபந்தனை நிபந்தனைதான்.

"விலாசத்தைச் சொல்லு."

மேதா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் தன் கையாலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். முடியவே இல்லை.

"பீஹார்ல ஒரு கிராமத்துக்குக்கூட இவ்வளவு பெரிய விலாசம் கிடையாது" என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். அங்கே டெலிபோன் பூத்தை ஒட்டி ஒரு சைபர் கஃபே புதிதாக வந்திருந்தது.

மேதா இணைப்பைத் துண்டித்தாள். இனி போன் வரலாம்.

அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லை. மேதா நகத்தைக் கடித்தாள். வசுமதி கத்தரிக்காயை நறுக்கி முடித்து, நறுக்கியதையே இன்னும் சின்னதாக நறுக்கினாள். இந்தப் பெண் போக வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பத்தொன்பது வயதில் அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. திருச்சியில் ரேடியோ நிலையத்தில் வேலை. அவள் அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

போன் அடித்தது.

"வசு. நான்தான். தெரியறது."

ஆபீஸ் குரல் இல்லை அது. கல்யாணமான புதிதில் முதல்முதலாகக் குதுப் மினாரைக் காட்டினாரே, அந்தக் குரல்.

"என்ன தெரியறது?"

"எல்லாம். மஞ்சளா இருக்கு. ரயில் ஓடறது. உன் நோட்டு, வசு! உன் நோட்டு இங்க இருக்கு."

வசுமதி மேதாவைப் பார்த்துத் தலையசைத்தாள். மேதா சோபா மேல் ஏறிக் குதித்தாள்.

"பக்கத்துல ஒரு சர்தார் பையன். அவனையும் அவன் மெஷின்ல அடிக்கச் சொன்னேன். அதுலயும் வந்துது. ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தேன். ஒரே ரயில், ரெண்டு இடத்துல ஓடறது. நான் ஒண்ணுமே தொடலை, கேட்டியா? அதுவா வரது."

"சரி, சரி. ஆத்துக்கு வாங்கோ."

"இரு. பிரிண்ட் எடுத்துண்டேன். படிக்கறேன் கேளு."

மேலதிகாரிக்கு வாசித்துக் காட்டுவது போல நிறுத்தி நிதானமாக, பூத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில் படித்தார்.

"ஜம்பு. பதினெட்டாம் நம்பர். மே ஒன்பது, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். திரும்பறது ஜூன் எட்டு. சாவி செங்கம்மாள்கிட்ட. அடுத்தது, முப்பத்தொண்ணாம் நம்பர். மே பதினொண்ணு, ஜி.டி. எக்ஸ்பிரஸ். திரும்பறது ஜூன் பதினஞ்சு. சாவி செங்கம்மாள்கிட்ட. அடுத்தது..."

அந்த வரிகளை வசுமதி தன் கையால் எழுதியவள். எழுதும்போது அவற்றில் ஒன்றும் இல்லை. இப்போது மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவில் அவர் வாயால் கேட்கும்போது ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏன்னா, மெதுவாப் படிங்கோ."

"கேக்கலையா?"

"கேக்கறது. பக்கத்துல யாரு இருக்கா?"

"க்யூல நாலஞ்சு பேர் நிக்கறா. எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். உள்ள ஒரு ஏழு பேர் பார்த்தா. சரி, நான் ஜிலேபி வாங்கிண்டு வரேன். பேனாவை எடுத்து வை."

வைத்துவிட்டார்.

மேதா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வசுமதி அவளை விலக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"மேதா, இதை யாரெல்லாம் பார்க்கலாம்?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா? நம்ம சொசைட்டியா?"

"அம்மா, எல்லாரும்னா எல்லாரும். பூரா துனியா."

"உலகம் பூராவா? திருடனும்?"

மேதா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

மேஜையில் கிடந்த நோட்டை இருவரும் பார்த்தார்கள். எந்த வீடு பூட்டியிருக்கிறது. எத்தனை நாள் பூட்டியிருக்கும். சாவி யாரிடம்.

"ஹே பக்வான்" என்றாள் மேதா.

நாலு வீட்டுச் சாவி செங்கம்மாளிடம் இருந்தது. சேலம் பக்கத்துக்காரி. பக்கத்துக் காலனியில் ஒரு அறையில் குடியிருந்து இங்கே ஐந்து வீட்டில் வேலை செய்தாள். ஊருக்குப் போகிறவர்கள் யோசிக்காமல் அவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

போன குளிர்காலத்தில் வேறொரு சொசைட்டியில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. அங்கே பாத்திரம் தேய்த்தவளை முதலில் ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்று நாள் கழித்து உண்மைத் திருடன் அகப்பட்டான். அவளை விட்டுவிட்டார்கள். அவள் அப்புறம் எந்த வீட்டுக்கும் வேலைக்கு வரவில்லை.

"எடுத்துடு. இப்பவே."

"எடுக்கறேன். அம்மா, அப்பாகிட்ட சொல்லாதே. ப்ளீஸ். அஞ்சு நிமிஷம். சத்தமில்லாம எடுத்துடறேன். அவர் பார்த்தாச்சு, கையெழுத்துப் போட்டுடுவார்."

"எடு முதல்ல."

மோடம் டயல் செய்தது. பீப், பீப், பீப். லைன் கிடைக்கவில்லை. மறுபடி. பீப், பீப். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணி. டெல்லியில் கம்ப்யூட்டர் இருக்கிற வீடெல்லாம் அந்த நேரத்தில்தான் டயல் செய்யும் போலிருக்கிறது.

ஐந்து நிமிஷம் பதினைந்து நிமிஷம் ஆயிற்று.

காலையில் அந்தப் பட்டியல் அமெரிக்கா போனபோது எவ்வளவு எளிதாகப் போனது! இப்போது அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் வரவில்லை. கையால் எட்டிக் கிழிக்க அது காகிதமும் இல்லை. வசுமதி தன் வாழ்நாளில் இவ்வளவு தூரத்தில் எதையும் வைத்ததில்லை.

"நீ டயல் பண்ணிண்டே இரு" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கினாள்.

அந்த நேரத்தில் செங்கம்மாள் இருக்கிற பதினெட்டாம் நம்பர் எதிர் பிளாக்கில், முதல் மாடி. கதவு திறந்திருந்தது. பால்கனியில் செங்கம்மாள் ஜம்புவின் செடிகளுக்கு மக்கால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜம்பு தணிக்கை ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. இந்த வீட்டில் அவருக்கு முப்பத்தாறு தொட்டி.

"என்னம்மா, கால்ல ஒரு செருப்பு உங்களுது, ஒண்ணு பாப்பாவோடது?"

வசுமதி குனிந்து பார்த்தாள். ஆமாம்.

"செங்கம்மா, ஒரு தப்பு பண்ணிட்டோம்."

சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

செங்கம்மாள் மக்கைக் கீழே வைத்தாள்.

"என் பேரா? கம்ப்யூட்டர்லயா?"

"ஆமா."

"அமெரிக்காவுலயா?"

"அங்கேயும் தெரியும்."

"அடியாத்தி. ரேஷன் கார்டுல என் பேரை ஏத்த ஒம்போது தடவ நடந்தேன். இங்க நடக்காமலே ஏறிடுச்சா?"

சிரித்தாள். மூக்குத்தி ஆடும்படி சிரித்தாள். வசுமதி சிரிக்கவில்லை. அதைப் பார்த்துச் செங்கம்மாளும் நிறுத்தினாள்.

"எந்த ஊடு பூட்டியிருக்குன்னும் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"பூட்டு உடைஞ்சா என்னையத்தான் இழுத்துக்கிட்டுப் போவான்."

"ஆமா."

"நீங்க வந்து, இவ நல்லவன்னு சொல்லுவீங்க. அவன் கேப்பானா?"



செங்கம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். ஊக்கில் கோத்த நாலு சாவி. கழற்றி வசுமதி கையில் வைத்து அவள் விரல்களை மூடினாள்.

"புடிங்க. இனிமே இது உங்ககிட்ட இருக்கட்டும். பேரையும் எடுத்துடுங்க." கொஞ்சம் நின்றாள். "எடுக்கறதுக்கு முந்தி ஒரு தடவ காட்டுங்க."

இருவரும் திரும்பி வந்தபோது லைன் கிடைத்திருந்தது. மேதாவின் நெற்றி முழுவதும் வேர்வை.

"புதுசு ரெடி பண்ணிட்டேன் அம்மா. லிஸ்ட்டே இல்லாம. அனுப்ப வேண்டியதுதான்." செங்கம்மாளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "சாரி, ஆண்டி."

"நீ உக்காரு. எனக்குக் காட்டு."

மீட்டரில் 46 என்று இருந்தது.

செங்கம்மாள் திரைக்கு முன் நின்றாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இது ஆங்கிலம்.

"எது நான்?"

மேதா அம்புக்குறியை நகர்த்திக் காட்டினாள். "இது. இது. இதுவும். அப்புறம் இங்க."

"நாலும் நானா?"

செங்கம்மாள் விரலை நீட்டித் தன் பெயரைத் தொட்டாள். கண்ணாடியில் சுரீரென்றது. கையை இழுத்துக்கொண்டாள்.

"கடிக்குது."

"கரண்ட், ஆண்டி. ஒண்ணும் ஆகாது."

"இப்ப இதை யாரு பாக்கறாங்க?"

"தெரியாது. நாப்பத்தாறு தடவ திறந்திருக்காங்க."

"அவங்க எங்க இருக்காங்க?"

"அதுவும் தெரியாது."

சின்ன ரயில் போய் மறைந்தது. மறுபடி வந்தது. மூவரும் அதையே பார்த்தார்கள். செங்கம்மாள் ஆத்தூரிலிருந்து ஜெனரல் கம்பார்ட்மென்டில் நின்றுகொண்டே டெல்லி வந்தவள். அவள் பெயர் எதிலும் நிற்காமல் எங்கேயோ போய்ச் சேர்ந்திருந்தது. முகம் தெரியாத யாரோ அதை வாய்விட்டுப் படித்திருக்கலாம். படித்துவிட்டு, இது யாராக இருக்கும் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

"அழிக்கட்டுமா, ஆண்டி?"

"இரு."

இன்னொரு தரம் பார்த்தாள். தொடவில்லை.

"சரி. எடு கண்ணு."

நீலக் கோடு நீண்டது. முடிந்தது. மேதா பக்கத்தை மறுபடி திறந்தாள். பட்டியல் அப்படியே இருந்தது.

வசுமதி திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"இந்த மெஷின் பழசை ஞாபகம் வெச்சிண்டிருக்கு. இரு, இரு." மேதா எதையோ அழுத்தினாள். திரை வெளுத்தது. மஞ்சள் இறங்கியது. விளம்பரம், தலைப்பு, ரயில். ரயிலுக்குக் கீழே ஒரே வரி. ‘விவரங்களுக்கு வசுமதிக்குப் போன் செய்யவும்.’

அவ்வளவுதான்.

நாலு நாள் கண் எரிய அடித்தது. மேதா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம்.

பாலசுப்ரமணியம் ஜிலேபிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். முகமெல்லாம் வெயில். செங்கம்மாளைப் பார்த்ததும் இன்னும் மலர்ந்தார்.

"நீயும் வந்துட்டியா? உன் பேர் உலகம் பூரா தெரியறது, போ!"

"ஆமாங்க சார்" என்றாள் செங்கம்மாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். பாரத்தை எடுத்து ஆரம்பத்திலிருந்து ஒரு முறை படித்தார். பேனா மூடியைக் கழற்றினார். மேதா அம்மாவைப் பார்த்தாள். பேசாதே என்று கண் சொன்னது. அரை நிமிஷம். ஒரு கையெழுத்துக்கு அரை நிமிஷம் போதும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

வசுமதியின் உள்ளங்கையில் நாலு சாவி அழுத்தியது.

படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாத மனிதர். அவரை ஏமாற்றி ஒன்றைப் போட வைத்தால், அதை எடுத்துக்கொண்டு இந்தப் பெண் எவ்வளவு தூரம் போவாள்?

"ஒரு நிமிஷம்" என்றாள்.

சொன்னாள். மேதா தலையைக் குனிந்துகொண்டாள்.

பாலசுப்ரமணியம் முழுவதையும் கேட்டார். பேனாவை மூடினார்.

"பூத்துல நான் சத்தமாப் படிச்சேனே, வசு."

"ம்."

"ஒரு காப்பியை ராமமூர்த்திகிட்ட குடுத்துட்டு வந்திருக்கேன். நோட்டீஸ் போர்டுல போடச் சொல்லி."

ராமமூர்த்தி சொசைட்டி செக்ரட்டரி. சொன்ன வேலையை உடனே செய்கிறவர் என்று பெயர்.

பாலசுப்ரமணியம் எழுந்து செருப்பு போடாமல் படியிறங்கினார். அப்படி அவர் இறங்கி வசுமதி பார்த்ததில்லை.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் மூலையில் கிழிந்த ஒரு காகிதம். பூட்டிய வீடுகளையெல்லாம் கவனிக்கும்படி கேட் காவலாளியிடம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். காகிதத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தார். கிழிக்கிற காரியம் அவருக்கு ஆறுதலாக இருந்தது போலிருந்தது.

பிறகு முதல் தடவையாகத் தன் வீட்டுத் திரை முன் போய் உட்கார்ந்தார்.

ரயில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப அந்தக் கஃபேலயும் இப்படித்தான் இருக்குமா?"

"ஆமாம்பா."

"அந்த சர்தார் பையன் மெஷின்லயும்?"

"எல்லாத்துலயும். உலகத்துல எங்க திறந்தாலும்."

"நீ இங்கேர்ந்து எடுத்தது?"

"ஆமா."

குக்கர் இரண்டு தடவை விசில் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"நாலு பேருக்குன்னு சொன்னேன்" என்றார். "நாலு பேர்னா எத்தனை பேர்னு எனக்கே தெரியாம சொல்லிட்டேன்."

"நான் யோசிச்சிருக்கணும்பா."

"நீ யோசிக்கலை. நானும் யோசிக்கலை. உங்கம்மா ஒருத்திதான் யோசிச்சா, அவளும் லேட்டு." திரும்பினார். "செங்கம்மா, உன்னைத்தான் கேக்கணும். உனக்குத்தான் கஷ்டம் வந்திருக்கும். இவளை அனுப்பலாமா, வேண்டாமா?"

இப்படி ஒரு கேள்வியை அந்த வீட்டில் யாரும் செங்கம்மாளைக் கேட்டதில்லை. அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"போடுங்க சார் கையெழுத்தை. என் பேரை எடுக்கறதுக்குள்ள புள்ளைக்கு என்னமா வேர்த்துடுச்சு. இவ்ளோ பெரிய சமாசாரத்தை அரைகுறையா வெச்சுக்கிட்டு ஊட்டுல உக்காந்திருந்தாத்தான் பயம்."

பாலசுப்ரமணியம் பாரத்தை இன்னொரு முறை படித்தார். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். பழக்கத்தில் நேரமும் போட்டார்: பிற்பகல் 1.20.

மேதா அழவில்லை. பாரத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். வசுமதிதான் சமையலறைக்குள் போய் கேஸை அணைத்து, அங்கேயே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தாள்.

"அம்மா!" என்றாள் மேதா. "விசிட்டர்ஸ் புக்ல எழுதியிருக்காங்க!"

பக்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் போக அவள் ஓர் இடம் வைத்திருந்தாள். ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். மூன்று பேர் காலேஜ் சிநேகிதிகள். ஒருவன், ரயில் ரொம்ப நன்றாக இருக்கிறது அங்கிள் என்று எழுதியிருந்தான்.

"சர்தார் பையன்" என்றார் பாலசுப்ரமணியம். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். "அஞ்சாவது யாரு?"

"மாதுரி அக்கா. சென்னைலேர்ந்து. நான் மெயில் போட்டிருந்தேன்."

மாதுரி ஜம்புவின் ஒரே பெண். அவள் வீட்டுக்கென்றுதான் ஜம்பு கிளம்பியிருந்தார். ஒரு மாதம் இருந்துவிட்டு வருவதாக வசுமதியிடம் சொல்லி எழுத வைத்திருந்தார். அவர் பெட்டியில் வசுமதி அவளுக்காக ஒரு டப்பா பேடா கூட வைத்து அனுப்பியிருந்தாள்.

"படி. பேடா கிடைச்சுதான்னு பார்ப்போம்."

மேதா படித்தாள். படித்துவிட்டு உரக்கச் சொல்லாமல் மறுபடி படித்தாள்.

"என்னடி?"

"அம்மா... ‘உங்கள் பட்டியலில் அப்பா பெயரைப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி கிளம்பியதாக இருக்கிறது. தவறு என்று நினைக்கிறேன். அப்பா இங்கே வரவில்லை. வருவதாகச் சொல்லவும் இல்லை. பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, போனில் பேசினார். டெல்லியில் வீட்டில்தான் இருப்பதாகச் சொன்னார்.’"



வசுமதி கையைத் திறந்தாள். நாலு சாவியில் எது பதினெட்டாம் நம்பர் என்று தெரியவில்லை. கேட்பதற்காகத் திரும்பினாள்.

செங்கம்மாள் வாசல் வரை போயிருந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றாள்.

"செங்கம்மா?"

"அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும்மா" என்றாள். "உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னுட்டுப் போனாரு. சொன்னா நோட்டுல ஏறிடும், பொண்ணு காதுக்குப் போயிடும்னாரு."